கடலுக்குள் ஒரு பட்டா

எழில்மொழி பாடத்தை ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆன பிறகுதான் கடைசி பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை, தோளில் துண்டு. இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. வராந்தாவில் வெயில் அடிக்கிறதே என்று அட்டெண்டர் உள்ளே அனுப்பியிருக்க வேண்டும். பக்கத்து மாணவி தள்ளி உட்கார்ந்து அவருக்கு மின்விசிறிக்கு நேராக இடம் கொடுத்திருந்தாள்.

எழில்மொழிக்கு எரிச்சலாக வந்தது. என்ன விஷயம் என்று அவளுக்குத் தெரியும். வி.ஏ.ஓ.வைப் போய்ப் பாருங்கள், என்னால் இப்போது வர முடியாது என்று அந்த வாரத்தில் மூன்று முறை போனில் சொல்லியாகிவிட்டது. மூன்று முறையும் சரி சரி என்று கேட்டுக்கொண்டவர் நான்காவது முறை நேரிலேயே வந்துவிட்டார்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் சட்டக் கல்லூரியில் அவள் சர்வதேசச் சட்டம் நடத்துகிறாள். ஆறு வருடமாக முனைவர் பட்ட ஆய்வும் இழுத்துக்கொண்டிருக்கிறது. கடல்மட்டம் உயர்ந்தால் நாடுகளின் கடல் எல்லைகள் என்ன ஆகும் என்பது தலைப்பு. ஊரில் யாராவது கேட்டால் அப்பா சாமிதுரை, "கடல்ல கோடு போடுற படிப்பு" என்பார்.

அன்றைக்கு நடத்திக்கொண்டிருந்ததும் அதைத்தான். பலகையில் ஒரு கரை வரைந்து, அதற்கு இணையாகக் கடலுக்குள் ஒரு கோடு இழுத்திருந்தாள்.

"கடல் வத்தியிருக்கும்போது கரை எங்க தெரியுதோ, அங்கிருந்து ஒரு நாட்டோட கடலை அளக்க ஆரம்பிக்கிறாங்க. பன்னிரண்டு கடல் மைல், அப்புறம் இருநூறு கடல் மைல். சரி, கடல் ஏறி, கரை உள்ள வந்துட்டா?"

"கோடும் உள்ள வரும் மேம்" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"ரொம்ப நாளா அப்படித்தான் சொல்லிட்டு இருந்தாங்க. பசிபிக் தீவு நாடுகள் ஒத்துக்கல. கடலை ஏத்திவிட்டது நாங்க இல்ல, ஒரு தடவை அளந்து எழுதிக் கொடுத்தாச்சு, கரை நகர்ந்தாலும் எழுதின கோடு நகராதுன்னு சொல்லிட்டாங்க. இப்ப மத்த நாடுகளும் ஒவ்வொண்ணா அதை ஏத்துக்கிட்டு வருது."

"நமக்கும் இலங்கைக்கும் மேம்?"

"அதுல குழப்பமே இல்ல. எழுபத்து நாலுல ரெண்டு கரைக்கும் நடுவா பார்த்து ஒப்பந்தத்துல புள்ளி புள்ளியா எழுதிட்டாங்க. இந்தக் கரை அரிச்சாலும் அந்தக் கரை அரிச்சாலும் அந்தப் புள்ளிகள் அங்கேயேதான் இருக்கும்."

கடைசி பெஞ்சில் சாமிதுரை கையைத் தூக்கினார். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"கிளாஸ் முடியட்டும்பா" என்றாள் எழில்மொழி, பல்லைக் கடித்துக்கொண்டு.

வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் வைத்து அவர் பையிலிருந்து நோட்டீஸை எடுத்தார். நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டிருந்தது. புல எண் 212/3, ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை, மேற்படி நிலம் தற்போது உயர் ஓதக் கோட்டுக்கு, அதாவது கடல் ஏறும் உச்ச எல்லைக்கு, கீழே அமைந்துவிட்டபடியால், வழங்கப்பட்ட பட்டாவை ரத்து செய்து கடல் புறம்போக்கு என வகைப்பாடு மாற்ற உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபணை இருந்தால் அளவீட்டின்போதும் ஜமாபந்தியிலும் தெரிவிக்கலாம்.

"இப்ப உள்ள நீ சொன்னது நெசந்தானே?" என்றார் சாமிதுரை.

"நெசந்தான். ஆனா அது நாடுகளுக்கு."

"எழுபத்து நாலுல நடு பார்த்தாங்கன்னு சொன்னியே, அப்ப நம்ம பக்கத்துக் கரை எது? நம்ம வயலுக்குத் தெக்கால இல்ல இருந்துச்சு? அந்தக் கரையை வச்சுத்தானே நடு பார்த்திருப்பாங்க?"

"கரையை வச்சுன்னா... அது மொத்தமா வரைபடத்தைப் பார்த்துப்பா. நம்ம வயலைப் பார்த்தெல்லாம் இல்ல."

"வரைபடத்துல நம்ம வயல் கரைக்கு உள்ள இருந்துச்சா இல்லையா?"

"இருந்திருக்கும்."

"இப்ப வயல் கடலுக்குள்ள போயிருச்சு. அந்தக் கோடு உள்ள வந்துச்சா?"

"வரல."

"அப்ப நாட்டுக்கு ஒரு சாண் குறையல. எனக்கு மட்டும் ஒண்ணேகால் ஏக்கரும் குறையணுமா?"

அது வேறு சட்டம், இது வேறு சட்டம் என்று எழில்மொழி விளக்க ஆரம்பித்தாள். வருவாய்த் துறைச் சட்டம் தனக்குத் தெரியாது, இதற்கென்று சிவில் வக்கீல்கள் இருக்கிறார்கள், பட்டுக்கோட்டையில் நல்ல வக்கீலாகப் பார்த்துத் தருகிறேன் என்றாள். சாமிதுரை நோட்டீஸை மறுபடி நாலாக மடித்து உறைக்குள் செருகினார்.

"இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவுல பேசத் தெரியுது. எனக்கும் தாலுக்கா ஆபீசுக்கும் நடுவுல பேசத் தெரியாதா உனக்கு?"

அவள் அளக்க வருகிற தேதியைக் கேட்டு, விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

அந்த ஒன்றேகால் ஏக்கர் 1975-இல் எழில்மொழியின் தாத்தா வேம்புக்கு அரசு ஒப்படையாகக் கிடைத்தது. அதுவரை அவர் மிராசுதார் வயலில் கூலி. கல்லணைக் கால்வாயின் கடைசி வாய்க்காலில், கடைசி மடையில், கடைசி வயல் அது. வேறு யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை என்பதால்தான் கிடைத்தது என்று ஊரில் சொல்வார்கள். மேட்டூர் திறந்து மற்ற ஊர்களில் நடவே முடிந்த பிறகுதான் இந்த மடையில் ஈரம் தெரியும். சில வருடங்களில் அதுவும் தெரியாது. இருந்தும் நாற்பது வருடம் சம்பா விளைந்தது. எழில்மொழி படித்ததும் அவள் தம்பி பரிதி சிங்கப்பூர் போனதும் அந்த நெல்லில்தான்.

கஜா புயலில் கடல் பக்கத்து மண் கரை உடைந்தது. கட்டித் தருகிறோம் என்றார்கள். அடுத்த வருடமும் அதையே சொன்னார்கள். அதற்குள் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓதம் வடிகால் வழியாக ஏறி வர ஆரம்பித்துவிட்டது. முதலில் பயிர் நுனி கருகியது. பிறகு நாற்றே பிடிக்கவில்லை. மண் வெள்ளை பூத்தது. கடைசியில் வரப்பு கரைந்து, வயலுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த தாழங்காடும் சாய்ந்து, எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாமல் போனது. இப்போது பக்கத்துக் குப்பத்து நெய்னா முகம்மது அதில் நண்டு வலை கட்டுகிறார். கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் சாமிதுரையிடம் வந்து, "அண்ணே, உங்க வயல்ல வலை போட்டுக்கவா?" என்று கேட்பார். சாமிதுரையும் யோசிப்பதுபோல் கொஞ்சம் நின்று, சரி என்பார்.

அளக்க வந்த அன்று பௌர்ணமி. சர்வேயர் ரெஜின் முப்பது வயதுக்காரர், பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு கருவியைத் தோளில் வைத்து நின்றார். எழில்மொழி அவரைப் பார்த்ததுமே ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு ஏன் சார் வந்தீங்க? இன்னைக்குத்தான் ஓதம் உச்சத்துல இருக்கும். ஒரு வாரம் கழிச்சு வந்திருந்தா பாதி வயல் வெளிய தெரிஞ்சிருக்கும்."

"எந்தத் தேதி போடுறாங்களோ அந்தத் தேதிக்கு வர்றேன் மேடம். ஆபீஸ்ல காலண்டர் பார்த்து டூட்டி போடுவாங்க, ஓதம் பார்த்துப் போட மாட்டாங்க."

"அப்ப கடல் எங்க இருக்குன்னு நீங்க அளக்கல. என்னைக்கு டூட்டின்னு அளக்கறீங்க."

ரெஜின் கோபப்படவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. "நான் வெறும் எல்லைக் கல்லைத்தான் தேடுறேன் மேடம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார்.

மூன்று கல் கிடைத்தது, தெற்கு மூலைக் கல் மட்டும் கிடைக்கவில்லை. கருவி குத்துமதிப்பாக ஓர் இடத்தைக் காட்டியது, அங்கே சேறுதான் இருந்தது. சாமிதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் போனார். தொடையளவுத் தண்ணீர். பத்தடி மேற்கே தள்ளி நின்று, காலால் துழாவி, "இந்தா, என் காலுக்குக் கீழ இருக்கு" என்றார். ரெஜின் குனிந்து கையை விட்டுப் பார்த்தார். தலையில் அம்புக்குறி வெட்டிய கல்தான். முகம் முழுக்கத் தண்ணீர் சொட்ட நிமிர்ந்து, "இருக்கு" என்றார், தனக்கே நம்பிக்கையில்லாதவர் போல.

கரைக்கு வந்ததும் எழில்மொழியின் அம்மா தங்கம்மாள் எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். ரெஜின் ஒரு தாளில் எழுதிக்கொண்டே சொன்னார். "நாலு கல்லும் இருக்குங்க. புலப்படத்துல உள்ள மாதிரியே இருக்கு. அளவுல ஒரு குறையும் இல்ல. நிலம்தான் இல்ல."

"இதை அப்படியே எழுதுங்க" என்றாள் எழில்மொழி.

"எழுதுறேன். ஆனா கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு, இப்படித்தான் வரும். கடல்னு தனியா இல்ல. கடல்ல ஒருத்தருக்குப் பட்டா இருக்குன்னு சொல்ல அதுல வழியே கிடையாது."

தங்கம்மாள் குறுக்கே வந்தாள். "தம்பி, இது கடலுக்குப் போயிருச்சுன்னா மாத்து நிலம் குடுப்பாங்களா?"

ரெஜின் தயங்கினார். "பட்டா ரத்தாச்சுன்னா நீங்க நிலமில்லாதவங்க. மனு போடலாம். கிடைக்கும்னு நான் சொல்லல, போடலாம். பட்டா உங்க பேர்லயே இருந்தா, உங்ககிட்ட ஒண்ணேகால் ஏக்கர் நஞ்சை இருக்குன்னு காட்டும். அப்ப மனுவைத் தள்ளிடுவாங்க."

"அப்ப ரத்து பண்ணச் சொல்லுங்க" என்றாள் தங்கம்மாள்.

சாமிதுரை மோர் செம்பைக் கீழே வைத்தார். "என்ன பேசுற நீ?"

"நாத்து நட்டவ நான். குனிஞ்சு நிமிர்ந்தவ நான். இப்ப அதுல குனிஞ்சா மூக்குல தண்ணி ஏறுது. பேரை வச்சுக்கிட்டு என்ன பண்றது? எனக்கு நிக்க ஒரு இடம் வேணும்."

"எங்கப்பன் கையெழுத்துப் போடத் தெரியாம ரேகை வச்சு வாங்குனது. நானா போயி வேணாம்னு சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன்."

ரெஜின் இருக்கும்போதே இருவரும் சண்டை போட்டார்கள். எழில்மொழிக்கு இருவர் மீதும் கோபம் வந்தது. இரண்டு பேரும் சொல்வது சரியாக இருந்ததுதான் அதற்குக் காரணம். ஆறு வருடம் அவள் எழுதியதெல்லாம் கோட்டைப் பற்றித்தான். கோட்டைக் காப்பாற்றிவிட்டால் மீன் யாருக்கு, எண்ணெய் யாருக்கு என்பதெல்லாம் தீர்ந்துவிடும் என்று நானூறு பக்கம் எழுதியிருந்தாள். கோட்டுக்குள் இருப்பவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்பதற்கு அதில் ஓர் அடிக்குறிப்பு இருந்தது.

தாலுக்காவின் வருடாந்திர வருவாய்க் கணக்கு முகாமான ஜமாபந்தி மே மாதக் கடைசியில் நடந்தது. தாலுக்கா ஆபீசுக்கு முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல். டோக்கன் எண் நூற்றுப் பதினேழு. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவர்களை இரண்டு மணிக்கு மேல்தான் கூப்பிட்டார்கள். இடையில் டோக்கன் எண்ணை இரண்டு முறை மாற்றினார்கள். தங்கம்மாள் தனியாக ஒரு மனு எழுதி வைத்திருந்தாள், மாற்று நிலம் கேட்டு. சாமிதுரை அந்தப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

ஜமாபந்தி அலுவலராக வந்திருந்தவர் அனுராதா என்ற பெண்மணி. ஐம்பதை நெருங்கும் வயது. காலையிலிருந்து கேட்டுக் கேட்டுக் களைத்திருந்தார். கோப்பைப் புரட்டிப் பார்த்து, "கடல் புறம்போக்கு. இதுல ஆட்சேபணை என்ன? கடலைத் தனியாருக்குப் பட்டா போட முடியாதே" என்றார்.

"மேடம், கடலுக்குப் பட்டா கேக்கல. பட்டா கொடுத்தப்ப அது நிலம். அரசாங்கம் கொடுத்த நிலம். கல் நாலும் அதே இடத்துல இருக்குன்னு உங்க சர்வேயரே எழுதியிருக்கார். கடல்தான் வந்திருக்கு."

"கடல் வந்தா கடல்தானம்மா. உயர் ஓதக் கோட்டுக்குக் கீழ எல்லாம் அரசுக்குச் சொந்தம்."

"சரிங்க மேடம். எழுபத்து நாலுல இலங்கையோட எல்லை போட்டப்ப இந்தக் கரையையும் சேர்த்துத்தான் நடு பார்த்தாங்க. இப்ப இந்தக் கரை இல்ல. அதனால எல்லையை உள்ள இழுத்துக்கலாம்னு இலங்கை கேட்டா நம்ம அரசாங்கம் ஒத்துக்குமா?"

"ஒத்துக்காது."

"ஏன் ஒத்துக்காது? எழுதினது எழுதினதுதான், கடல் ஏறினதுக்காக மாத்த முடியாதுன்னு சொல்லும். உலகத்துல பாதி நாடுகள் இப்ப அதைத்தான் சொல்லுது. அதே அரசாங்கம் இவருக்கு எழுதிக் கொடுத்ததை மட்டும் ஏன் மாத்தணும்?"

அனுராதா பேனாவை மூடினார். "நீங்க என்ன பண்றீங்க?"

"சர்வதேசச் சட்டம் நடத்துறேன்."

"அதான். இங்க இருக்கறது வருவாய் நிலையாணை. உங்க ஐ.நா. சபையை என் மேசைக்குக் கொண்டு வராதீங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். எழில்மொழிக்குக் காது சூடானது. வகுப்பில் எந்த மாணவனிடமும் அவள் இப்படி விட்டுக்கொடுத்ததில்லை. ஆனாலும் அனுராதா சொன்னதையேதான் அவளும் வராந்தாவில் வைத்து அப்பாவிடம் சொன்னாள். அது வேறு, இது வேறு.

அப்போதுதான் தங்கம்மாள் தன் மனுவை மேசைமேல் வைத்தாள்.

"அம்மா, எனக்குச் சட்டம் எல்லாம் தெரியாது. இவரு பேரு போகக் கூடாதுங்கறாரு. எனக்கு மாத்து நிலம் வேணும். பேரு இருந்தா நிலம் இருக்குன்னு சொல்லி என் மனுவைத் தள்ளுவீங்களாம். பேரு இல்லேன்னா நிலமே இருந்ததில்லைன்னு ஆயிருமாம். கடல் எடுத்துக்கிச்சுன்னும் எழுதுங்க, அது எங்களுதுன்னும் எழுதுங்க. ரெண்டும் உண்மைதானே? உண்மையை எழுதறதுல உங்களுக்கு என்ன?"

சாமிதுரை முதல்முறையாக மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அனுராதா மனுவைப் படித்தார். பிறகு ரெஜினின் அறிக்கையைப் படித்தார். உதவியாளரைக் கூப்பிட்டு ஏதோ நிலையாணையைக் கேட்டார். அவர் தேடி எடுத்து வருவதற்குள் இன்னும் இரண்டு டோக்கன்களை முடித்தார். மூவரும் ஓரமாக நின்றார்கள். கடைசியில் உத்தரவைத் தன் கையாலேயே எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டவும் செய்தார். மேற்படி புலம் கடல்நீரில் மூழ்கியுள்ளது, நிலம் மீளும்வரை அல்லது மாற்று நிலம் வழங்கப்படும்வரை மனுதாரரின் பட்டா தொடர்கிறது, மாற்று நிலம் கோரும் மனு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பப்படுகிறது.

"மேல யாராவது கேட்டா நான்தான் பதில் சொல்லணும்" என்றார், கோப்பை மூடிக்கொண்டே. "அடுத்த டோக்கன்."

வெளியே வந்ததும் சாமிதுரை மூன்று கரும்புச்சாறு வாங்கினார். தங்கம்மாளுக்குத்தான் முதலில் கொடுத்தார்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜூலையில் சாமிதுரை இ-சேவை மையத்தில் பட்டா நகல் எடுத்தார். அதில் புல எண் 212/3-க்கு நேராகக் கடல் புறம்போக்கு என்று இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் அரசு.

எழில்மொழி மறுபடி விடுப்பு எழுதினாள். தேர்வுத்தாள் திருத்தும் நேரம். கல்லூரி முதல்வர் முகத்தைச் சுளித்தார். தாலுக்கா ஆபீசில் கணினிப் பிரிவுக்காரர் உத்தரவைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், "இந்த உத்தரவு சரிதான் மேடம். ஆனா இதைச் சிஸ்டம் எடுத்துக்காது" என்றார்.

"எடுத்துக்காதுன்னா?"

"புறம்போக்குன்னு மாத்தலைன்னா நஞ்சைன்னுதான் போடணும். நஞ்சைன்னு போட்டா பயிர் என்னன்னு கேக்கும். உத்தரவுல மூழ்கியிருக்குன்னு இருக்கு. ரெண்டும் ஒத்துவராது."

"அப்ப உத்தரவு தப்பா, சிஸ்டம் தப்பா?"

"உத்தரவு கரெக்ட்."

"அப்ப சிஸ்டத்தை மாத்துங்க."

"அது சென்னையில மேடம்."

எழில்மொழி அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையைத் தரையில் வைத்தாள். "சரி. நான் இங்கேயே இருக்கேன். நீங்க சென்னைக்கு போன் போடுங்க. இல்லேன்னா என்னை வெளிய தூக்கிப் போடுங்க. இது முடியாம நான் போறதா இல்ல." அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. அவள் இப்படி எந்த ஆபீசிலும் உட்கார்ந்ததில்லை. தங்கம்மாளும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சாமிதுரை மட்டும் கதவோரம் நின்றபடி, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு ரெஜின் வந்தார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கே சார். நஞ்சைன்னே திருப்பி மாத்தி, பயிர் இல்லைன்னு போட்டுட்டு, குறிப்புல உத்தரவை ஏத்தலாம். அச்சுலயும் வரும்" என்றார்.

"அதுல நாப்பது எழுத்துக்கு மேல போகாது."

"போகட்டும், நாப்பதுக்குள்ள எழுதுவோம்."

எழில்மொழி நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்தாள். ஒப்பந்தங்களின் வாசகங்களை அவள் வருடக்கணக்கில் படித்திருக்கிறாள். ஒரு காற்புள்ளிக்காக இரண்டு நாடுகள் மாதக்கணக்கில் பேசியதைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதியிருக்கிறாள். நாற்பது எழுத்தில் ஓர் ஒப்பந்தம் எழுத முடியாதா? முடியும் போலத்தான் இருந்தது, அந்தக் கணினி தமிழை எண்ணுகிற விதம் தெரிகிறவரை. கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, மெய்யின் தலையில் இருக்கும் புள்ளிக்கு ஒன்று என்று அது எல்லாவற்றையும் தனி எழுத்தாக எண்ணியது. 'நிலம்' என்றாலே ஐந்து.

மீளும்வரை என்பதை முதலில் எடுத்தார்கள். மனுதாரர் போனார். மேற்படி புலம் போனது. 'கடல்நீரில் மூழ்கியுள்ளது, பட்டா தொடர்கிறது' என்று வந்து நின்றபோது கட்டம் சிவப்பாக மாறியது. நாற்பத்திரண்டு.

"மூழ்கியுள்ளதுங்கறதை எடுத்துட்டு, கடல்னு மட்டும் போட்டா?" என்றார் கணினிப் பிரிவுக்காரர். அவருக்கும் இப்போது ஆர்வம் வந்திருந்தது.

"கூடாது. கடல்னு போட்டா அது எப்பவுமே கடல்னு ஆயிரும். மூழ்கியிருக்குன்னாத்தான் அதுக்கு முன்னாடி நிலமா இருந்துச்சுன்னு அர்த்தம்."

"மாத்து நிலம்னு எங்க எழுதியிருக்கு?" என்று தரையிலிருந்து தங்கம்மாள் கேட்டாள்.

"அதுக்கு இதுல இடமில்லம்மா."

"நிக்கத்தான் இடமில்ல, எழுதவுமா இடமில்ல?"

ரெஜின்தான் கடைசியில், "நீரை எடுத்துடுங்க மேடம்" என்றார். "கடல்நீரில்னு வேணாம். கடலில்."

முப்பத்தெட்டு. கட்டம் பச்சையானது.

'கடலில் மூழ்கியுள்ளது, பட்டா தொடர்கிறது.' அச்சில் வந்த தாளைக் கணினிப் பிரிவுக்காரர் சாமிதுரையிடம் நீட்டினார். அவர் எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். மனைவியிடம் கொடுத்தார். அவள் அதைப் படிக்காமல் மாற்று நில மனுவின் ரசீதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். அந்த மனு எங்கே இருக்கிறது என்று எழில்மொழி கேட்டதற்கு, ஆட்சியர் அலுவலகத்தில் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். எவ்வளவு நாள் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பட்டுக்கோட்டை பஸ்ஸில் கூட்டம். எழில்மொழிக்கும் தங்கம்மாளுக்கும் இரண்டு பேர் சீட்டில் இடம் கிடைத்தது. சாமிதுரை படிக்குப் பக்கத்தில் நின்று யாருடனோ பேசிக்கொண்டு வந்தார். வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது. மேல்மடை வயல்களில் ஆட்கள் நாற்றங்காலுக்கு உழுதுகொண்டிருந்தார்கள். தங்கம்மாள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அந்தத் தீவுக்காரங்க" என்றாள் திடீரென்று. "கோட்டை விட மாட்டோம்னு சொன்னாங்களாமே, அப்பா சொன்னாரு. கோடு இருக்கட்டும். தீவு முழுகிட்டா சனங்க எங்க போவாங்க?"

"துவாலுன்னு ஒரு நாடும்மா. அவங்களை ஆஸ்திரேலியா வரச் சொல்லியிருக்கு."

"எல்லாரையுமா?"

"வருஷத்துக்கு இருநூத்தி எண்பது பேரை."

"மத்தவங்க?"

"அடுத்த வருஷம். அதுக்கு அடுத்த வருஷம்."

"யாரு முதல்ல போறதுன்னு எப்படி முடிவு பண்ணுவாங்க?"

"பேர் கொடுக்கணும். குலுக்கல் போடுவாங்க. பேர் விழுந்தா போகலாம்."

தங்கம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள், அவள் விளையாடுகிறாளா என்று தெரிந்துகொள்வதைப் போல. விளையாட்டில்லை என்று தெரிந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"நாடே முழுகுது, அங்கயும் டோக்கனா?" என்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பஸ் நின்றபோது சாமிதுரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என்ன சிரிப்பு என்று கேட்டார். சிரிப்பை அடக்கி இருவராலும் சொல்ல முடியவில்லை.